கணக்குப் பேப்பர் திருத்த முதல் தடவை போகிறவர்களுக்கு

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சருக்குப் பத்தாம் வகுப்பு பேப்பர் திருத்த முதல் தடவையாக ஆர்டர் வந்தது. "என்னக்கா எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டாள். சிவப்புப் பேனா நாலு, காம்பஸ் பாக்ஸ் ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று என்றேன். பேனா புரிந்தது. மற்ற இரண்டும் எதற்கு என்று முழித்தாள். மேலூரில் பஸ் ஏறி மாட்டுத்தாவணி வந்து இறங்கும்வரை அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் கூட்டிக் குறைத்து இங்கே எழுதுகிறேன்.

தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு மார்க் 14. இரண்டு மார்க்கில் 14 கேள்வி கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், 28-வது கட்டாயம். ஐந்து மார்க்கிலும் அதே மாதிரி 14-க்கு 10, 42-வது கட்டாயம். கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8. ஆக 14, 20, 50, 16. நூற்றில் பாதி ஐந்து மார்க் கேள்விகளில் இருக்கிறது. மேசையில் நடக்கும் சண்டையில் பாதிக்கு மேல் அங்கேதான்.

பேப்பர் திருத்தும் கேம்புக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி கேள்வித்தாளை எடுத்து, பிள்ளைகள் மாதிரியே உட்கார்ந்து முழுசாகப் போட்டுப் பாருங்கள். விடைக்குறிப்பைப் படித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். விடைக்குறிப்பு ஒரு வழியைத்தான் காட்டும், சில கேள்விக்கு இரண்டு. பிள்ளைகள் நாலு வழியில் வருவார்கள். நாமே போட்டுப் பார்த்தால்தான் எந்த வரியில் கை வழுக்கும், எந்த இடத்தில் வேறு பாதை பிரியும் என்பது தெரியும். இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியும் நான் இன்னமும் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு கணக்காவது என்னையே ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கும்.

கேம்பில் சி.இ. என்கிற முதன்மைத் தேர்வாளர், எஸ்.ஓ. என்கிற கூர்ந்தாய்வாளர், அப்புறம் ஏ.இ. என்கிற உதவித் தேர்வாளர்கள், அதாவது நாம் ஆறேழு பேர். முகப்பில் டம்மி நம்பர் மட்டும்தான் இருக்கும். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. நியாயத்தில் முக்கால்வாசியை அந்த டம்மி நம்பரே பார்த்துக்கொள்கிறது. மிச்சக் கால்வாசி நம் கையில்.

அந்தக் கால்வாசி எப்படிப் பிசகும் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் சி.இ. முதல் விடைத்தாள் கட்டைப் பிரிப்பதற்கு முன்பு எல்லோரிடமும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். அதில் அவரே கைப்பட எழுதிய ஒரு விடை. கூம்பின் ஆரம் 7 செ.மீ, உயரம் 24 செ.மீ, மொத்தப் புறப்பரப்பு கேட்டிருக்கிறது. சரியாகப் போட்டால் சாயுயரம் 25, விடை 22/7 × 7 × (25 + 7) = 704 சதுர செ.மீ. ஐந்து மார்க்கை அவர் பிரித்திருந்தது இப்படி: சூத்திரத்துக்கு 1, சாயுயரம் காணும் வழிக்கு 1, 25 என்ற மதிப்புக்கு 1, பிரதியிடலுக்கு 1, அலகோடு விடைக்கு 1. அவர் கொடுத்த தாளில் எல்லாம் ஒழுங்காக வந்து, 576 + 49 = 625 வரைக்கும் வந்து, அடுத்த வரியில் √625 = 35 என்று இருந்தது. அப்புறம் அந்த 35-ஐ வைத்துச் சுத்தமாக 22 × 42 = 924 சதுர செ.மீ.

"மார்க் போடுங்க, பக்கத்துல பாக்காதீங்க" என்றார். ஆறு பேர் போட்டோம். இரண்டு பேர் 4, மூன்று பேர் 3, ஒருவர் 2.

ஆறு பேரும் கணக்கு வாத்தியார்கள். ஒரே தாள், ஒரே விடைக்குறிப்பு, காலை நேரம், யாருக்கும் களைப்பில்லை. நாலு போட்டவர்களில் நான் ஒருத்தி. தப்பு ஒரு வரியில்தான், அதற்கு ஒரு மார்க் போயாச்சு, அதற்கப்புறம் அந்தப் பிள்ளை தன் 35-க்கு ஒழுங்காகத்தானே செய்திருக்கிறது, ஒரே தப்புக்கு இரண்டு தண்டனையா என்பது என் வாதம். மூன்று போட்டவர்கள், கடைசி மார்க் 704 என்ற விடைக்கு, 924-க்கு அதை எப்படிக் கொடுப்பது என்றார்கள். இரண்டு போட்ட சார், தப்பான வரிக்குக் கீழே தான் பார்ப்பதே இல்லை என்றார். அவரோடு நாங்கள் ஐந்து பேருமே சண்டை போட்டோம்.

சி.இ. கேட்டுவிட்டு 3 என்று முடித்தார். இன்றைக்குக் கேட்டாலும் நான் 4 என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த கேம்ப் முடியும்வரை அந்த மாதிரி வந்த ஒவ்வொரு தாளுக்கும் 3 தான் போட்டேன். பக்கத்து மேசைக்காரர் 3 போட, நான் என் மனசுக்குப் பிடித்தபடி 4 போட்டால், என் கட்டில் விழுந்த பிள்ளைக்கு அதிர்ஷ்டம், அவர் கட்டில் விழுந்த பிள்ளைக்கு நஷ்டம். பரீட்சையில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை? முடிவு சரியா தப்பா என்று முதல் நாள் காலையில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். முடிவான பிறகு எல்லோருக்கும் அதுதான்.

நாற்பது பக்க நோட்டு இதற்குத்தான். இடது பக்கம் கேள்வி எண், வலது பக்கம் என்ன சந்தேகம், என்ன முடிவு. "கூம்பு, சாயுயரம் தப்பு, மிச்சம் சரி: 3." அவ்வளவுதான், ஒரு வரி. விடைக்குறிப்பில் இல்லாத எது வந்தாலும் நீங்களாக முடிவெடுக்காமல் சி.இ.யைக் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். ஞாபகம் இருக்கும் என்று விட்டால், மூன்றாம் நாள் மதியம் அதே சந்தேகம் வரும்போது வேறு மார்க் போடுவீர்கள். வேறு போட்டது உங்களுக்கே தெரியாது, அதுதான் சங்கடம்.

அதே கணக்கில் இன்னொரு வகைத் தப்பும் வந்தது. √(24² + 7²) = 24 + 7 = 31. இதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தலைபாடாக அடித்துக்கொள்கிறோமே! முன்னது கை வழுக்கல், இது அடிப்படையே புரியாதது, இதற்குக் குறைத்துத்தான் போட வேண்டும் என்று கை போனது. ஆனால் விடைக்குறிப்பில் அந்த வரிக்கு இருப்பது ஒரே மார்க். 35 எழுதினாலும் போகிறது, 31 எழுதினாலும் அதே ஒன்றுதான் போகிறது. நம் கோபத்தைக் கழிக்க அங்கே தனி மார்க் ஒதுக்கவில்லை. கோபத்தை ஊருக்கு எடுத்துப்போய் அடுத்த வருடப் பாடத்தில் காட்டிக்கொள்ளலாம்.

இங்கிலாந்துப் பரீட்சை வாரியங்களின் மார்க் குறிப்பை ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு மார்க்குக்கும் ஓர் எழுத்து போடுகிறார்கள். வழிமுறைக்கு 'எம்', துல்லியமான விடைக்கு 'ஏ', எதையும் சாராமல் தனியாக நிற்பதற்கு 'பி'. வழி தெரியவில்லையென்றால், அதைச் சார்ந்த விடை மார்க்கும் கிடையாது. முன் வரித் தப்பைத் தொடர்ந்து சரியாகச் செய்திருந்தால் எங்கே மார்க் உண்டு என்பதையும் தனியாகக் குறித்துவிடுகிறார்கள். நம் விடைக்குறிப்பில் அந்த எழுத்தெல்லாம் இல்லாவிட்டாலும், பென்சிலில் நாமே போட்டுவைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

வேறு வழியில் போட்டால்? வழி சரியென்றால் முழு மார்க், அதில் பேச்சே இல்லை. இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தாமல் சூத்திரத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கேள்வியே வழியைச் சொல்லியிருந்தால் கதை வேறு. யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையைப் பயன்படுத்தி 210, 55 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண்க என்று கேட்டால், 210 = 55 × 3 + 45 என்று ஆரம்பித்து மீதி பூஜ்ஜியம் வரும்வரை போக வேண்டும். காரணிகளை வரிசையாக எழுதி 5 என்று சொல்லும் பிள்ளைக்கு விடை சரி, கேட்டதைச் செய்யவில்லை. இதற்கு என்ன என்பதையும் முதல் நாளே கேட்டு நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

காம்பஸ் பாக்ஸுக்கு வருகிறேன். செய்முறை வடிவியலைக் கண்ணால் பார்த்து மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழகாக இருந்தால் 8, பென்சில் அப்பியிருந்தால் 5. நான் அளக்காமல் போடுவதில்லை. உதவிப் படம், அளவு, வில் வெட்டிய தடம் எல்லாம் இருக்கிறதா பார்த்துவிட்டு ஸ்கேலை வைத்துவிடுவேன். அழுக்காக வரைந்த படம் அளவில் கச்சிதமாக நின்றதையும், பளிச்சென்ற படத்தில் தொடுகோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போனதையும் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அப்புறம், பிள்ளையின் பென்சில் முனையும் கோடு, நம் ஸ்கேல் கோடும் கோடு. மயிரிழை வித்தியாசத்துக்கெல்லாம் மார்க்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

வரைபடத்தில் அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளிகள், வளைவரை, தீர்வு என்று தனித்தனியாகப் பாருங்கள். அட்டவணையில் ஒரு மதிப்பு தப்பி, அந்தப் புள்ளி மட்டும் வளைவரையிலிருந்து விலகி மேடு கட்டி நிற்கும். அதற்காக வரைபடம் முழுவதையும் அடித்துவிடக் கூடாது.

ஒரு மார்க்கில் யோசிக்க ஒன்றுமில்லை என்பார்கள். குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் கேள்வித்தாளில் இருக்கிறது. குறியீடு சரியாக இருந்து விடை தப்பாக இருந்தாலோ, விடை சரியாக இருந்து குறியீடு தப்பாக இருந்தாலோ மார்க் கிடையாது. வேகத்தில் நம் கண் குறியீட்டோடு நின்றுவிடும், அதுதான் இதில் இருக்கும் ஆபத்து.

கையெழுத்து விஷயத்தில் நம்மை நாமே நம்பக் கூடாது. முத்து முத்தான எழுத்தைப் பார்த்தால் மனசு இளகும். அதற்கு நான் கண்டுபிடித்த ஒரே வைத்தியம், மார்க்கை மொத்தமாகப் போடாமல் வரிக்கு வரி ஓரத்தில் 1, 1, 0, 1 என்று போட்டுக் கூட்டுவது. 35 பாஸ் மார்க். 33, 34-ல் நிற்கும் தாளை எல்லோருமே திரும்பப் புரட்டுவோம், எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று. நல்ல பழக்கம்தான். ஆனால் 71-ல் நிற்கும் தாளை யார் புரட்டுகிறார்கள்? அதிலும் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கலாமே. புரட்டினால் எல்லாவற்றையும் புரட்டுங்கள்.

விட்டுப்போவதைப் பற்றி எனக்கு உபதேசம் செய்ய உரிமை உண்டு, ஏனென்றால் மாட்டிக்கொண்டவள் நான். ஒரு வருடம் கேம்ப் சித்திரைத் திருவிழாவோடு வந்தது. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், ஊருக்கே லீவு. அன்றைக்கு அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. மூன்றுமாவடியில் கூட்டம் சேர்வதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று மேசையில் எல்லோருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. மதியக் கட்டு பறந்தது. ஒரு தாளில், பிள்ளை நாலைந்து வெற்றுப் பக்கத்தைத் தாண்டிக் கடைசியில் ஒரு ஐந்து மார்க் கணக்குப் போட்டிருந்தது. நான் வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் முடிந்தது என்று மூடிவிட்டேன். மறுகூட்டலில் அது வெளியே வந்தது. எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. 17-பி என்கிற கடுமையான ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகுமோ என்று ஒரு மாதம் தூக்கமில்லை. போகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ரிசல்ட் வந்த நாளில் ஐந்து மார்க் குறைவாகப் பார்த்ததே, அதை என்ன விளக்கம் எழுதிச் சரிக்கட்டுவது?

அதிலிருந்து திருத்தும்போது முன்னாலிருந்து பின்னால் போவேன், கூட்டும்போது கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வருவேன். வெற்றுப் பக்கம் ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கோடு. எழுதி மார்க் விழாத கணக்குக்கு 0 என்று போடுவேன், சும்மா விடுவதில்லை. 0 இல்லாத இடம் நான் பார்க்காத இடம் என்று அர்த்தம்.

பள்ளியில் வைக்கும் மாதப் பரீட்சைக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. தாள் தாளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். நாற்பது தாளிலும் 15-வது கேள்வி, அப்புறம் நாற்பதிலும் 16-வது. ஒரே கணக்கு மனசில் சூடாக இருக்கும்போதே எல்லாத் தாளும் முடிந்துவிடும். கேம்பில் ஒவ்வொரு தாளையும் முழுசாக முடித்துத்தான் நகர்த்த வேண்டியிருக்கிறது, அங்கே இது நடக்காது.

இதெல்லாம் சொல்கிற நானே போன பரீட்சைக்கு நேரமில்லை என்று நோட்டை எடுக்காமல் தாள் தாளாகத் திருத்திக் கொடுத்தேன். கொடுத்த அஞ்சாவது நிமிடம் இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒருவன் பக்கத்துப் பையன் பேப்பரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான். "டீச்சர், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் எழுதியிருக்கோம். அவனுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூட்டுத்தொடரின் பொது வித்தியாசம் கண்டுபிடித்து, கடைசி வரியில் இரண்டு பேருமே கழித்தல் குறியை விட்டிருந்தார்கள். அவனுடையது நான் நாலாவதாகத் திருத்திய தாள், இவனுடையது முப்பதுக்கு மேலே எங்கேயோ. "ரெண்டுமே ஒண்ணுதான்டா" என்று சொல்லி அவன் பேப்பரை 1 ஆக்கினேன். இவன் வாயைத் திறக்காமல் நின்றான். அவன் என்னைப் பார்த்ததை விட இவனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தான்.