யோகப் பயிற்சியைத் தொடங்குவோருக்கு மூச்சே அளவுகோல்

யோகம் பழகத் தொடங்குவோர் பலரும் முதல் நாளிலேயே சூரிய நமஸ்காரத்தில் இறங்கிவிடுகிறார்கள். குனிந்து தரையைத் தொடுவதும், உடலின் எடையை மணிக்கட்டுகளிலும் தோள்களிலும் தாங்குவதும் அந்தத் தொடரில் அடுத்தடுத்து வருவதால், பல ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்தே வேலை பார்த்தவருக்கு அது முதல் பாடமாக அமையத் தக்கதன்று. தொடக்க வாரங்களில் நான்கைந்து எளிய ஆசனங்களை மூச்சோடு இணைத்து நிதானமாகச் செய்தாலே போதும்.

மைசூர் அரண்மனையில் 1930களில் யோகசாலை நடத்தி, பின்னர் சென்னையில் குடியேறி, 1989இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு பிணைத்தே கற்பித்தார். மாணவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றியமைத்தார். அவர் வழியில் வந்த விதி எளிமையானது. கைகளை உயர்த்தும்போதும் மார்பை விரிக்கும்போதும் மூச்சை இழுக்க வேண்டும். முன்னே குனியும்போதும் வயிற்றை மடக்கும்போதும் மூச்சை விட வேண்டும். மூச்சு சற்று முன்னதாகத் தொடங்க, அசைவு அதைப் பின்தொடர வேண்டும். மூச்சு திணறினாலோ, வாய் தானாகத் திறந்துகொண்டாலோ, உடல் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று கொண்டு சற்றுப் பின்வாங்க வேண்டும். கைப்பேசிக் காணொளிகளில் ரப்பர்போல் வளைபவர்களைப் பார்த்து இந்த எல்லையை வகுத்துக்கொள்ள இயலாது.

முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். காலையில் உடல் இறுகியிருக்கும், மாலையில் இளகியிருக்கும். இரண்டில் எது நாள்தோறும் வாய்க்குமோ அதுவே நல்ல நேரம். வழுவழுப்பான தரையில் ஜமக்காளம் நழுவும் என்பதால், நின்று செய்யும் ஆசனங்களுக்கு வழுக்காத விரிப்பு தேவை.

முதலில் தாடாசனம். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் முன்புறமாகத் தலைக்கு மேல் உயர்த்தி, மூச்சை விட்டபடி இறக்குங்கள். ஆறு முறை செய்தபின், உயர்த்திய கைகளோடு மூச்சை விட்டு முன்னே குனியுங்கள். இங்கே முழங்கால்களைத் தாராளமாக மடக்கலாம். கால்களை விறைப்பாக வைத்துக்கொண்டு தரையைத் தொட முயன்றால் சுமை முழுவதும் கீழ்முதுகில் இறங்கும்.

அடுத்துக் குப்புறப் படுத்துப் புஜங்காசனம். உள்ளங்கைகளை மார்பின் இருபுறமும் ஊன்றி, முழங்கைகளை விலாவை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது மார்பு எழ வேண்டும். கைகளால் தரையைத் தள்ளாமல் முதுகுத் தசைகளின் வலுவாலேயே எழ வேண்டும். தொப்புள் தரையை விட்டு நீங்கக் கூடாது. பின்னோக்கி வளைந்த முதுகைத் தளர்த்த, மல்லாந்து படுத்து, மூச்சை விடும்போது இரு முழங்கால்களையும் வயிற்றருகே கொண்டுவந்து, மூச்சை இழுக்கும்போது சற்று விலக்குங்கள். எந்த வளைவுக்குப் பின்னும் இத்தகைய மாற்று அசைவு அவசியம்.

தசை இழுபடுவது இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்துவதும், கை கால் மரத்துப்போவதும் உடனே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள்.

மல்லாந்து உடலைத் தளர்த்தி அசையாமல் படுத்திருக்கும் சவாசனத்தை ஐந்து நிமிடம் செய்தபின் ஒருக்களித்து எழுந்து, சம்மணமிட முடியாவிட்டால் நாற்காலியிலேனும் நிமிர்ந்து அமர்ந்து நாடி சுத்தி செய்யலாம். வலது கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடது வழியே இழுத்து, மோதிர விரலால் இடதை மூடி வலது வழியே விட்டு, மீண்டும் வலது வழியே இழுத்து இடது வழியே விட்டால் ஒரு சுற்று. தொடக்கத்தில் ஆறு சுற்றுகள் போதும்; மூச்சை உள்ளே அடக்கி வைக்க வேண்டாம்.

உயர் ரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ உடையவர்கள் சர்வாங்காசனம், சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளையும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை விரைவாக வெளியே தள்ளும் கபாலபாதிப் பயிற்சியையும் தவிர்க்க வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குவது முறை. ஆசிரியரைத் தேடும்போது, முதல் வகுப்புக்கு முன் உங்கள் நோய்களையும் பழைய காயங்களையும் அவர் விசாரிக்கிறாரா என்று பாருங்கள்; விசாரிக்காதவராயின் வேறொருவரை நாடுங்கள்.