இரைப்பைப் புற்றுநோய்: எந்த ஸ்டேஜ் முறை ஆயுளைச் சரியாகக் கணிக்கிறது என்று ஒப்பிடுவது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்யப் போகிறீர்கள் என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் ஸ்டேஜை அப்படியே எடுக்காதீர்கள். ஒருவருக்கு ஆபரேஷன் சேலத்தில், இன்னொருவருக்கு பெங்களூரில், டி.என்.எம். (கட்டியின் ஆழம், நிணநீர்க் கணு, பரவல் மூன்றையும் வைத்து ஸ்டேஜ் போடும் முறை) புத்தகத்தின் எந்தப் பதிப்பை யார் பார்த்து எழுதினார்களோ. ஹெச்.பி.ஈ. ரிப்போர்ட்டை (எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியது) தேடி எடுத்து, கட்டி இரைப்பைச் சுவரின் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது, எத்தனை நோடு (நிணநீர்க் கணு) எடுத்தார்கள், அதில் எத்தனையில் புற்று இருந்தது என்பதை எக்செல்லில் ஏற்றுங்கள். வேறு உறுப்புக்குப் பரவாமல், கட்டியை முழுதாக எடுத்த கேஸ்கள் மட்டும் போதும்.

அதிலிருந்து எல்லா முறையிலும் நீங்களே ஸ்டேஜ் போடுங்கள். டி.என்.எம்.மில் 'டி' கட்டியின் ஆழத்தையும், 'என்' நோடு நிலையையும் குறிக்கும். 5 நோடில் புற்று இருந்தால் ஆறாம் பதிப்பில் என்1, ஏழாம் பதிப்பிலிருந்து என்2. கட்டி வெளியுறையைத் துளைத்த டி4ஏ, கூடவே என்2 என்றால் ஏழாம் பதிப்பில் ஸ்டேஜ் 3பி, எட்டாவதில் 3ஏ. ஆளும் நோயும் மாறவில்லை, பெயர்தான் மாறியது. ஆபரேஷனுக்கு முன்பே கீமோ வாங்கியவர்களை இதில் கலக்காதீர்கள், எட்டாம் பதிப்பு அவர்களுக்குத் தனி அட்டவணையே வைத்திருக்கிறது.

நோடு எண்ணிக்கையில்தான் பெரிய சிக்கல். குறைந்தது 16 நோடாவது பார்க்க வேண்டும், ஆனால் 8 மட்டுமே பார்த்த ரிப்போர்ட்டுகளும் கைக்கு வரும். 8-ல் 4 என்றாலும் 32-ல் 4 என்றாலும் ஏழாம், எட்டாம் பதிப்புக் கணக்கில் இரண்டுமே என்2. நோடு விகிதத்தில் (பார்த்த நோடுகளில் எத்தனை சதவீதத்தில் புற்று) பார்த்தால் முதலாமவருக்கு 50 சதவீதம், இரண்டாமவருக்கு 12.5. அதனால் விகித முறையையும் ஒப்பீட்டில் சேருங்கள், 16-க்குக் கீழே உள்ளவர்களைத் தனியாகவும் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஃபாலோ-அப். பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டால் ஓசூரில் வேலை பார்க்கும் பேரன்தான் எடுப்பான், "மாரியம்மன் பண்டிகை முடிஞ்ச வாரம் தவறிட்டாருங்க" என்பான்; எந்த ஊர்ப் பண்டிகை, எந்த மாதம் என்று அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள். தொடர்பே கிடைக்காதவரை உயிரோடு இருப்பதாகவும் எழுதக்கூடாது, பட்டியலிலிருந்து தூக்கவும் கூடாது, கடைசியாக வந்த தேதியில் சென்சார் செய்யுங்கள், அதாவது அந்தத் தேதி வரை உயிரோடு இருந்தார், அதற்குப் பிறகு தெரியாது என்று கணக்கில் வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கணக்கு சுலபம். ஒவ்வொரு முறைக்கும் கேப்லன்-மேயர் கோடு (காலம் போகப் போக எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டுவது) போட்டு, அடுத்தடுத்த ஸ்டேஜான 2பி-யும் 3ஏ-வும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா என்று பாருங்கள்; ஏறினால் அந்த முறை இரண்டையும் பிரிக்கவில்லை. யார் முதலில் இறப்பார் என்பதை முறை எவ்வளவு சரியாக வரிசைப்படுத்துகிறது என்று காட்டும் சி-இண்டெக்ஸ் 0.5 என்றால் காசைச் சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான், 1-ஐ நெருங்க நெருங்க நல்லது, மாடல் டேட்டாவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஏ.ஐ.சி. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டாம் தசமத்தில் வரும் சின்ன வித்தியாசத்தை பூட்ஸ்டிராப் (அதே டேட்டாவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) செய்து பார்க்காமல் வெற்றி என்று எழுத வேண்டாம். விகிதத்துக்கான வெட்டுப்புள்ளியை (எத்தனை சதவீதத்துக்கு மேல் அடுத்த பிரிவு என்ற எல்லை) உங்கள் டேட்டாவிலேயே தேடி எடுத்து, அதே டேட்டாவில் சோதித்தால் அந்த முறை ஜெயிக்கத்தான் செய்யும். புள்ளியை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு ஓட்டுங்கள்.