பிளைண்ட் வேகமாக ஏறும் போக்கர் போட்டி: நான் சரிசெய்த விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் தோட்டத்து நண்பர்கள் சேர்ந்து ஆடும் போக்கர் போட்டி வெறும் சில்லுக்குத்தான். பணம் வைத்தால் 1953ஆம் ஆண்டுச் சூதாட்ட இல்லச் சட்டம் பாயும். அதில் எல்லாரும் கண்டிப்பு.

சிக்கல் பிளைண்டில்தான், அதாவது ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சில்லில். ஆளுக்கு 5,000 சில்லு, சிறிய பிளைண்ட் 50, பெரிய பிளைண்ட் 100 எனத் தொடக்கம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. முக்கால் மணி நேரத்தில் 400-800 ஆகிவிடும். கையால் சீட்டுப் போடும் மேசையில் 15 நிமிடத்துக்கு ஏழெட்டு ஆட்டம்தான் நடக்கும். ஒன்பது பேர் என்றால் ஒரு சுற்றுகூட முடியாது. நல்ல சீட்டுக்குக் காத்திருந்தே சில்லு கரைந்துபோகும்.

அதனால் பிளைண்ட் ஏறும்போதெல்லாம் என்னிடம் எத்தனை பெரிய பிளைண்ட் மிச்சம் என்று எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் இருந்தால் வழக்கமான ஆட்டம். பத்துக்குக் கீழே போனால் ஆல்-இன் (இருக்கும் சில்லு முழுவதையும் வைப்பது), இல்லையென்றால் ஃபோல்ட் (சீட்டை விட்டுவிடுவது). சும்மா கால் பண்ணி (பந்தயத்துக்குச் சமமாக மட்டும் வைத்து) மேசையில் திறக்கும் பொதுச் சீட்டைப் பார்ப்பது அறவே கிடையாது.

முதலில் தள்ளுகிறவருக்குத்தான், அதாவது ஆல்-இன் போகிறவருக்குத்தான் பலம். 400-800இல் என்னிடம் 5,000 சில்லு, டீலர் பட்டனும் என்னிடம் (எனக்குப் பின் பிளைண்ட் வைத்த இருவர் மட்டுமே), முன்னால் எல்லாரும் ஃபோல்ட், கையில் ஏஸும் எட்டும்: தயங்காமல் தள்ளுவேன். மிச்ச இருவரும் விட்டுவிட்டால் 1,200 வரும், என் கையிருப்பில் கிட்டத்தட்டக் கால் பங்கு! அதே சீட்டு, ஆனால் முதல் இடத்திலிருந்து ஒருவர் ரைஸ் செய்துவிட்டார் (பந்தயத்தை உயர்த்திவிட்டார்) என்றால் ஃபோல்ட் செய்துவிடுவேன். அவர் கையில் பெரும்பாலும் அதைவிட நல்லது இருக்கும்.

இரண்டு மூன்று பிளைண்ட் வரை தேயவிடவும் கூடாது. அப்போது ஆல்-இன் சொன்னாலும் பெரிய பிளைண்டில் இருப்பவர் எதை வைத்திருந்தாலும் கால் பண்ணிவிடுவார்.