மாட்டுப் பண்ணைத் தொழிலில் நுழையும் பெண்கள்: எங்கே கற்பது, எதைக் கேட்டுப் பெறுவது

மாட்டுப் பண்ணையில் பெண்கள் உழைப்பது புதிதன்று. மந்தையைப் பற்றிய முடிவுகளை அவர்கள் எடுப்பதுதான் பல இடங்களில் இன்னும் புதிது. கன்றுகளுக்குப் பாலூட்டுவதும் தொழுவத்தைத் துப்புரவு செய்வதும் கணக்கு எழுதுவதும் அவர்களிடம் விடப்படுகின்றன. எந்த மாட்டை வாங்குவது, எதைக் கழிப்பது, எந்தக் காளையைச் சேர்ப்பது, எப்போது விற்பது என்பவை வேறொருவர் கையில் இருக்கின்றன. ஆகவே எந்தப் பயிற்சி வாய்ப்பு வந்தாலும், அங்கே எந்தெந்த முடிவுகளில் உங்களுக்குப் பங்கு உண்டு என்பதையே முதலில் கேளுங்கள்.

சொந்தமாக மாடு வாங்குவதற்கு முன், பிறர் பண்ணையில் கூலிக்கோ பயிற்சியாளராகவோ ஓராண்டாவது வேலை செய்வது நல்லது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள் என்பதால், சினைப்படுத்துவதில் தொடங்கி ஈற்று வரையிலான முழுச் சுற்றையும் குறுகிய கால வகுப்பு எதிலும் பார்க்க முடியாது. கன்று தலைமாறி வரும்போது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், எப்போது கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும், பிறந்த கன்று முதல் சில மணி நேரத்திற்குள் போதிய சீம்பால் குடித்துவிட்டதா என்பவற்றை நேரில் நின்றால்தான் கற்க முடியும். சான்றிதழ்களை விட ஓர் ஈற்றுப் பருவ அனுபவத்துக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். வேலையில் சேரும் முன் ஊதியம், விடுப்பு, காயமடைந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, இரவுப் பணியின்போது பாதுகாப்பான தங்குமிடமும் கழிப்பறையும் உண்டா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இவற்றைக் கேட்டதற்கே முகம் சுளிக்கும் பண்ணையில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

பெண்களுக்கு உடல்வலிமை போதாது என்ற பேச்சு எழுந்தால், மாட்டைக் கையாளும் முறையைக் கொண்டே அதற்கு விடை சொல்லலாம். அரை டன் எடையுள்ள விலங்கை எந்த ஆணும் வலிமையால் வெல்வதில்லை. கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் விளக்கிப் பரவலாக்கிய முறைப்படி, ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் நாம் நெருங்கினால் அது விலகிச் செல்லும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையின் விளிம்பில் நின்று, அதன் தோளுக்குப் பின்புறமாக நகர்ந்தால் மாடு முன்னே நடக்கும், தோளுக்கு முன்னே வந்தால் நின்றுவிடும் அல்லது பின்வாங்கும். நேர் பின்புறம் மாட்டின் பார்வைக்கு எட்டாத இடம் என்பதால் அங்கிருந்து சத்தமின்றி நெருங்கக் கூடாது. கூச்சலும் தடியும் இல்லாமல் மந்தையை நகர்த்துபவரிடம் பயிற்சி பெறுங்கள்; மாட்டை நிறுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டமும், உங்கள் கைக்கும் காலுக்கும் பொருந்தும் கையுறையும் காலணியும் அங்கே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பயிற்சிகளில் பலவேளைகளில் விடுபட்டுப்போகும் ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். மாடுகளின் சினைப்பருவச் சுழற்சியை ஒழுங்குபடுத்தப் பயன்படும் புரோஸ்டாகிளாண்டின் ஊசிமருந்து மனிதத் தோல் வழியாகவும் உட்புகக் கூடியது. கருவுற்ற பெண்கள் அதைக் கையாளக் கூடாது. கன்று வீசிய, அதாவது கருச்சிதைவுற்ற, மாட்டின் நஞ்சுக்கொடியையும் கழிவுகளையும் அவர்கள் தொடாமலிருப்பது அவசியம், ஏனெனில் புருசெல்லோசிஸ், கியூ காய்ச்சல் போன்ற நோய்கள் அவற்றின் வழியே பரவுகின்றன. இத்தகைய வேலைகளை அக்காலத்தில் பிறருக்கு மாற்றித் தருவது சலுகையன்று, பணியிடப் பாதுகாப்பு.

வகுப்பறைக் கல்விக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் இணையவழிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே அமைப்பு 1989இல் இந்தோனேசியாவில் நெல் உழவர்களுக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி முறை, பின்னர் கால்நடை வளர்ப்புக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒரு குழு பருவம் முழுவதும் கூடி, தானே கவனித்து, விவாதித்து, முடிவெடுத்துப் பழகுவதே அதன் அடிப்படை என்பதால், பெண்கள் மட்டும் கூடும் குழுவுக்கு அது மிகவும் ஏற்றது. செயற்கைக் கருவூட்டல் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். 21 நாட்களுக்கு ஒருமுறை வரும் சினைப்பருவத்தை அடையாளம் காணத் தெரிந்தவருக்கு வேலையும் கிடைக்கும், சொந்த மந்தையில் வீண்நாட்களும் குறையும்.

பண உதவியைத் தேடும்போது, 2026ஆம் ஆண்டைப் பெண் உழவர்களுக்கும், மேய்ச்சல் நிலங்கள் மற்றும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருப்பதை நினைவில் வைத்து, இரு தலைப்புகளிலும் திட்டங்கள் உள்ளனவா என்று விசாரியுங்கள். ஆனால் எந்தத் திட்டமானாலும் ஆவணம் கேட்கும். நிலக் குத்தகை, வங்கிக் கணக்கு, மாட்டின் அடையாளத்துக்கான காதுவில்லைப் பதிவு ஆகியவை கணவர் அல்லது தந்தை பெயரில் மட்டும் இருந்தால், பத்தாண்டு உழைத்த பெண்ணும் தாளில் புதியவராகவே தெரிவார். முதல் மாட்டிலிருந்தே உங்கள் பெயரைச் சேர்த்துப் பதியுங்கள். கையில் முதலீடு இல்லாதவர்கள், பிறர் மாடுகளைப் பராமரித்து, ஈனும் கன்றுகளில் பங்கு பெறும் முறையில் தொடங்கலாம். கன்று இறந்தால் இழப்பு யாருக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

சொந்தமாக வாங்கும் நாள் வரும்போது, தலையீற்றுக் கிடேரிகளுக்கு ஈற்றுச் சிக்கல் அதிகம் என்பதால், இரண்டாம் அல்லது மூன்றாம் ஈற்றுப் பசுக்களைத் தேர்ந்தெடுங்கள். புருசெல்லோசிஸ், காசநோய்ப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஏற்கெனவே மாடுகள் இருந்தால், புதியவற்றை மூன்று நான்கு வாரங்கள் தனியே கட்டிக் கவனித்த பின்னரே மந்தையில் சேருங்கள்.