கில்கென்னி கலைவிழாவுக்கு ஒரு நாள் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் தென்கிழக்கில், நோர் ஆற்றங்கரையில் இருக்கிற கில்கென்னியில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் கலைவிழா நடக்கிறது. 1974ல் செவ்வியல் இசைக்காகத் தொடங்கியது, இப்போது நாடகம், ஓவியம், இலக்கியம் எல்லாம் உண்டு. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான், அதனால் நிறையப் பேர் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடுகிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் போய்வந்தவர்களிடம் கேட்டால் "கோட்டையைப் பார்த்தோம், ஒரே கூட்டம்" என்பதற்கு மேல் பலருக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. இவ்வளவு நல்ல ஊருக்கு இது நியாயமே இல்லை.

முதல் தவறு, ஊர் சுற்றுவதையும் விழாவையும் தனித்தனி வேலையாக நினைப்பது. பகலில் பழைய கட்டடங்கள், மாலையில் நிகழ்ச்சிகள் என்று பட்டியல் போட்டு இரண்டுக்கும் ஓடுகிறார்கள். கில்கென்னியில் அந்தப் பழைய கட்டடங்களேதான் விழாவின் அரங்குகள். செயின்ட் கேனிஸ் பேராலயம் 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம், சாதாரண நாளில் சுற்றுலாப் பயணிகள் கால் மணி நேரத்தில் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அதே ஆலயத்தில் மாலைக் கச்சேரிக்கு ஒரு டிக்கெட் எடுத்து உட்காருங்கள். ஒன்றரை மணி நேரம் அந்தக் கல் தூண்களுக்கு நடுவே இருப்பீர்கள், ஆகஸ்டில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும் என்பதால் பாதிக் கச்சேரி வரை வெளிச்சம் இருக்கும், கடைசி ஸ்வரம் ஓய்ந்த பிறகும் கூரையில் அது கொஞ்ச நேரம் நிற்பதைக் காதால் கேட்கலாம். கொஞ்சம் முன்னாடியே போனால், கோட்டைக்குச் சொந்தக்காரராக இருந்து 1539ல் இறந்த பியர்ஸ் பட்லர் பிரபுவும் அவர் மனைவி மார்கரெட்டும் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லில் அருகருகே படுத்திருக்கிற கல்லறைச் சிற்பத்தையும் நின்று பார்க்கலாம். ஆக, டிக்கெட் எடுக்கும்போது யார் வாசிக்கிறார்கள் என்பதோடு எங்கே வாசிக்கிறார்கள் என்றும் பாருங்கள். பேராலயக் கச்சேரிகள் சீக்கிரம் விற்றுவிடும், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்து, ஒரே நாளில் நாலைந்து நிகழ்ச்சி வைத்துக்கொள்வது. காசு கொடுத்து ஒன்று போதும், அதிகபட்சம் இரண்டு. இடைப்பட்ட நேரத்துக்கு இலவசக் கண்காட்சிகளும் திறந்தவெளி நிகழ்ச்சிகளும் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தெருவில் நடப்பது எதுவும் கண்ணில் படாது.

பேராலயத்திலிருந்து கோட்டை வரை இருபது நிமிட நடைதான். அதனாலேயே ஹை ஸ்ட்ரீட் வழியாக நேராக நடந்து முடித்துவிடுகிற தவறு நடக்கிறது. பக்கத்துச் சந்துகளுக்குள் நுழையுங்கள். பட்டர் ஸ்லிப் என்று ஒரு சந்து, ஒரு காலத்தில் வெண்ணெய் விற்றவர்கள் கடை போட்ட இடம், ஒரு வளைவுக்கு அடியில் படிக்கட்டோடு இறங்கி செயின்ட் கீரன்ஸ் ஸ்ட்ரீட்டில் கொண்டுபோய் விடும். அங்கேதான் கைட்லர்ஸ் இன் என்ற மதுக்கடை. 1324ல் ஆலிஸ் கைட்லர் என்ற பணக்காரப் பெண்மணிமீது சூனிய வழக்குப் போட்டார்கள், அவர் தப்பிவிட்டார், அவருடைய பணிப்பெண் பெட்ரோனில்லாவைச் சாட்டையால் அடித்து உயிரோடு எரித்தார்கள். இதை வேடிக்கையான பேய்க்கதை மாதிரி கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எஜமானிக்காக ஒரு வேலைக்காரப் பெண் செத்த கதை அது.

ராத் ஹவுஸையும் விட்டுவிடாதீர்கள். 1594க்கும் 1610க்கும் இடையில் ஒரு வணிகர் குடும்பம் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய மூன்று வீடுகள், பின்னால் தோட்டம். விழாக் கூட்டத்துக்கு நடுவே மூச்சுவிட நல்ல இடம். பிளாக் அபே என்ற பழைய மடாலயத் தேவாலயத்துக்கு நண்பகல் வாக்கில் போங்கள், 1892ல் வைத்த பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம் தெற்குப் பார்த்தது, வெயில் நேராக விழும்போது பார்க்க வேண்டும்.

மழையைக் கண்டதும் காபிக் கடைக்குள் ஒதுங்கிவிடுவதும் தவறுதான் என்பேன். அயர்லாந்தில் ஆகஸ்டிலும் மழை உண்டு, குடையைவிடத் தலைமூடி உள்ள மழைக்கோட்டு உதவும், காற்றில் குடை நிற்காது. இந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல் காய்ந்திருந்தால் வெறும் சாம்பல் நிறம். நனைந்தால் கறுத்துவிடும். அப்போது குனிந்து பார்த்தால் பழைய நடைபாதைக் கற்களில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி, பவளப் புதைபடிவங்கள் தெரியும், முப்பது கோடி வருடங்களுக்கும் முன்னால் இந்த இடம் கடலாக இருந்ததன் தடம்.

ஒன்றை மட்டும் மழைக்கு முன் முடித்துவிடுங்கள். பேராலயத்தை ஒட்டிய வட்டக் கோபுரம், சுமார் 30 மீட்டர் உயரம், ஏணி போன்ற மரப்படிகளில் உச்சிவரை ஏறலாம். வானிலை மோசமானால் மூடிவிடுவார்கள். உள்ளே ஒடுக்கமாக இருக்கும், கைப்பை, வழுக்குகிற செருப்பு எல்லாம் சரிப்படாது, சின்னக் குழந்தைகளை ஏற விடமாட்டார்கள்.

கோட்டை விஷயத்துக்கு வருவோம். உள்ளே சுற்றிப் பார்க்க டிக்கெட், மாலை ஐந்தரை வாக்கில் மூடிவிடுவார்கள், பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. பட்லர் குடும்பம் 1391ல் வாங்கி 1935 வரை வாழ்ந்த இடம், 1967ல் வெறும் 50 பவுண்டுக்கு ஊர் மக்களிடம் கொடுத்துவிட்டார்கள். உள்ளே நேரம் குறைவாக இருந்தால் நேராக ஓவியக்கூடத்துக்குப் போங்கள், அந்த மரக்கூரை ஓவியங்களை நிமிர்ந்து பார்க்கவே பத்து நிமிடம் ஒதுக்கலாம். மத்தியானக் கூட்டத்தில் போய் வரிசையில் நிற்காமல், காலையில் திறந்ததும் போய்விடுவது நல்லது.

கார் எடுத்துப் போவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, தெருக்கள் குறுகல், விழா நாளில் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். சாப்பாடுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம். மாலைக் கச்சேரிக்குப் போகிற எல்லோரும் ஆறு மணிக்கு மேல் உணவகங்களுக்குள் நுழைகிறார்கள், அப்போது போய் மேஜை கேட்டால் கிடைக்காது. ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் முன்பதிவு செய்யுங்கள். அப்புறம் ரயில். கச்சேரி முடிகிற நேரத்துக்கு டப்ளின் ரயில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே இரவுப் பேருந்து நேரத்தைப் பாருங்கள், அல்லது ஓர் இரவு தங்க அறை பிடித்துவிடுங்கள், அதையும் மாதக்கணக்கில் முன்னதாகவே செய்ய வேண்டும்.