சென்னைல இருந்து காஷ்மீர் கிரேட் லேக்ஸ் ட்ரெக்: முதல் தடவை போறவங்க எப்படி ரெடி ஆகணும்

மலை உச்சில இருக்கற ஏரிங்கள நடந்து போய் பாக்கணும்னு யார் கேட்டாலும் நான் சொல்றது இந்த ட்ரெக் தான். சோனாமார்க்ல ஆரம்பிச்சு நாராநாக்ல முடியும், சுமார் 70 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு வாரம், வழில விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், நுந்த்கோல், கங்காபல்னு வரிசையா ஏரிங்க. கயிறு கட்டி ஏற வேண்டியதெல்லாம் இல்ல, நடைதான். ஆனா நாம கடல் மட்டத்துல வாழற ஆளுங்க, தமிழ்நாட்டுலயே உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர் தான், இங்க கட்சர் பாஸ் (மலையத் தாண்டற கணவாய்) கிட்டத்தட்ட 4,200 மீட்டர். அதனால உடம்ப தேத்தறது வேற, உயரத்துக்குப் பழகறது வேற. இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

ஸ்டெப் 1: மாசம் முடிவு பண்ணுங்க

ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் தான் சீசன். மழைக்காலத்துல இமயமலையானு பயப்படாதீங்க, பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழைய பெரும்பாலும் தடுத்துடுது, அதனால உத்தரகாண்ட் பக்கம் கொட்டற அளவுக்கு இங்க இருக்காது. ஜூலைல பூவும் மிச்சப் பனியும், செப்டம்பர்ல தெளிஞ்ச வானம் ஆனா ராத்திரி குளிரு. முதல் தடவைக்கு ஆகஸ்ட் கடைசி எனக்குப் பிடிக்கும்.

ஸ்டெப் 2: ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ட்ரெய்னிங்

காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி பெசன்ட் நகர் பீச்லயோ வீட்டுப் பக்கத்து பார்க்லயோ ஓடுங்க, 5 கிலோமீட்டர் 35 நிமிஷத்துக்குள்ள மூச்சு வாங்காம முடிக்கற அளவுக்கு வந்தா நல்லது. அதவிட முக்கியம் படிக்கட்டு. அப்பார்ட்மென்ட் லிஃப்ட மறந்துட்டு பேக்ல 7, 8 கிலோ போட்டு ஏறி இறங்குங்க, லீவு நாள்ல திருக்கழுக்குன்றம் மலைப் படி ரெண்டு மூணு தடவை. இறங்கறதையும் பிராக்டிஸ் பண்ணுங்க, முட்டி வலிக்கறது அப்பதான். நடுவுல ஒரு தடவை திருவண்ணாமலை பக்கம் பர்வதமலையோ, வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு சைட்ல புக் பண்ணி ஒரு ரூட்டோ போயிட்டு வாங்க. பர்மிஷன் இல்லாம காட்டுக்குள்ள போகவே போகாதீங்க, 2018ல குரங்கணி தீல எத்தனை உயிர் போச்சுன்னு நமக்குத் தெரியும்.

ஸ்டெப் 3: சாமான்

ஷூ புதுசா வாங்கினா இந்த ட்ரெய்னிங்லயே போட்டு பழக்குங்க. காட்டன் டீ ஷர்ட், ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா அங்க காயவே காயாது. உள்ள சீக்கிரம் காயற டிரை ஃபிட் டீ ஷர்ட், மேல ஃபிளீஸ் (கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்கற துணி), அதுக்கு மேல மழை ஜாக்கெட், ராத்திரிக்கு இறகு அடைச்ச ஒரு டவுன் ஜாக்கெட். ஹெட்லாம்ப், கையுறை, சன்ஸ்கிரீன், ரெண்டு வாக்கிங் ஸ்டிக். ஆதார் ஒரிஜினல் கண்டிப்பா, வழில ராணுவ முகாம்ல காட்டணும். போஸ்ட்பெய்ட் சிம் எடுத்துக்கோங்க, வெளிமாநில ப்ரீபெய்ட் அங்க வேலை செய்யாது, சோனாமார்க் தாண்டினா எந்த சிம்மும் எடுக்காதுங்கறதால வீட்ல முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்டெப் 4: உயரம்

இதுதான் நிதானமா படிக்க வேண்டிய இடம். 4,200 மீட்டர்ல ஒரு மூச்சுக்குக் கிடைக்கற ஆக்ஸிஜன் சென்னைல கிடைக்கறதுல சுமார் 60 சதவீதம் தான், நீங்க மாரத்தான் ஓடறவரா இருந்தாலும் இதுல வித்தியாசம் கிடையாது. ஃப்ளைட்ல ஸ்ரீநகர் இறங்கி அடுத்த நாளே மேல ஏறாதீங்க, சோனாமார்க்ல ஒரு நாள் கூடுதலா தங்குங்க, அது சுமார் 2,700 மீட்டர், பழக நல்ல இடம். தண்ணி நாளைக்கு 3, 4 லிட்டர், மெதுவா நடை, சரக்கும் சிகரெட்டும் வேண்டாம். உயரத்தால வர்ற தலைவலி, வாந்திய தடுக்கற டயமாக்ஸ் மாத்திரை வேணுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா அதையும் சொல்லுங்க.

தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருந்தா கைடுகிட்ட உடனே சொல்லணும், அன்னிக்கு மேல ஏறக்கூடாது. உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, விடாம இருமல், நேர்க்கோட்டுல நடக்க வரல, பேச்சு குழறுதுன்னா ராத்திரியா இருந்தாலும் கீழ இறக்கிடணும், காலைல பாத்துக்கலாம்னு விடறதுதான் உயிருக்கு ஆபத்து. நடுவுல ரோடு எங்கயும் கிடையாது, அதனால ஆக்ஸிஜன் சிலிண்டர், கோவேறு கழுதை ரெண்டும் வச்சிருக்கற டீமோட மட்டும் போங்க, காசு கொஞ்சம் கூட ஆனாலும் சரி.

ஸ்டெப் 5: வழில

நிச்னை, கட்சர், ஜாஜ்னு மூணு பாஸ். மதியத்துக்கு மேல மேகம் கூடும், அதனால விடியக்காலைலயே கிளம்பி மதியத்துக்குள்ள பாஸ தாண்டிடுங்க. ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் மேல ஆடு மேயுது, கொதிக்க வச்சோ குளோரின் மாத்திரை போட்டோ குடிங்க. ஏரில சோப்பு போடாதீங்க ப்ளீஸ், விஷன்சர்ல இருந்து தான் கிஷன்கங்கா ஆறே கிளம்புது. பிஸ்கட் கவர் ஒண்ணு விடாம பேக்லயே திருப்பி எடுத்துட்டு வாங்க.

கங்காபல் கரைல நின்னா ஹர்முக் சிகரம், 5,142 மீட்டர், அப்படியே தண்ணிக்கு மேல எழும்பி நிக்கும், அங்க ஒரு நாள் முழுசா உக்காருங்க, டைம் டேபிள்ல இல்லன்னாலும் டீம் லீடர்கிட்ட கேட்டு வாங்குங்க.

கடைசி நாள் நாராநாக் வரைக்கும் நாலாயிரம் அடிக்கு மேல ஒரே இறக்கம். முந்தின ராத்திரியே கால் நகத்த வெட்டிடுங்க, காலைல ஷூ லேச கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்க, இல்லன்னா விரல் முன்னாடி போய் இடிச்சு நகம் கறுத்துடும்.