சலவைக் கடைக்குப் பக்கத்தில் நல்ல சாப்பாடு

வாஷிங்டன் டிசிக்கு வந்தால் நகரத்துக்குள்ளேயே சாப்பிட்டுக் காசைக் கரைக்காதீர்கள். ஆற்றைத் தாண்டி வர்ஜீனியா புறநகருக்கு வண்டியை விடுங்கள். பெரிய பார்க்கிங், அதன் பின்னால் சலவைக் கடை, சலூன், மளிகை என்று வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் மால்கள்தான் நமக்கு வேண்டியவை. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நகர மையத்தைவிட வாடகை குறைவு என்பதால், குடியேறி வந்தவர்கள் அங்கேதான் கடை போடுகிறார்கள். ஃபால்ஸ் சர்ச்சில் ஈடன் சென்டர் முழுக்க வியட்நாம் கடைகள். அனன்டேல் பக்கம் கொரியச் சாப்பாடு.

இணையத்தில் சாப்பிட்டவர்கள் போடும் நட்சத்திர மதிப்பீட்டை நான் பெரிதாக நம்புவதில்லை. 'பரிமாறுகிறவர் சிரிக்கவில்லை' என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருப்பார்கள், நமக்கென்ன! கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். பாட்டி, பேரன் சகிதம் கடைக்காரரின் சொந்த நாட்டுக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தால் தாராளமாக நுழையலாம். வியட்நாமின் ஃபோ நூடுல்ஸ் சூப், ஜப்பானின் சுஷி, நம்ம ஊர் பட்டர் சிக்கன் எல்லாம் ஒரே மெனுவில் இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

பெயர் புரியவில்லையா? பக்கத்து மேசையைக் காட்டிக் கேளுங்கள். அப்படித்தான் எனக்கு வியட்நாமின் பான் சேயோ கிடைத்தது: அரிசி மாவும் மஞ்சளும் சேர்த்து முறுகலாக வார்த்த, நம்ம தோசைக்குத் தங்கை மாதிரி ஒன்று. உள்ளே இறாலும் முளைகட்டிய பயறும். கீரை இலையில் சுருட்டி, மீன் சாஸில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும், சில கடைகளில் கார்டு வாங்குவதில்லை.